மைலேஜ் குறையுதா? ஓட்டுறவர் மட்டுமா காரணம்?

'முன்ன மாதிரி மைலேஜ் வரலையே' என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால், 'நீங்க ஓட்டுற விதம் சார்' என்று பதில் வரும். பாதி உண்மைதான். பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்பி அடுத்த சிக்னலில் சடன் பிரேக் போட்டால், எரித்த பெட்ரோல் பிரேக் சூடாகத்தான் உதவும். 80 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டும். டயரில் காற்று குறைந்தாலும் நஷ்டம்தான்.

மீதிப் பாதி பங்க்கில் இருக்கிறது. இப்போது போடுவது 20% எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் மைலேஜ் 6-7% குறையும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. லிட்டருக்கு 15 கி.மீ. தந்த கார் 14 தரும். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 5 லிட்டர் கூடுதல் செலவு.

இறக்குமதி கச்சா எண்ணெய் குறைவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால், கலந்த பெட்ரோலை விலை குறைத்து விற்கணும் என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. கலப்பு வந்தது, விலைக் குறைப்பு வரவில்லை. பழைய கார் வைத்திருப்பவருக்கு இ10 வாங்கும் வாய்ப்பு, இல்லையென்றால் விலைச் சலுகை, இரண்டில் ஒன்றையாவது அரசு தரணும்.