பட்டறையை வசைச்சொல் ஆக்கியது யார்?

ஆசிரியர் அறையிலும் வீட்டிலும் நாம் கூச்சமின்றிச் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு: "படிக்காவிட்டால் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கத்தான் போவாய்." நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒருநாள், பின்வரிசையில் ஒரு மெக்கானிக்கின் மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான்.

கடந்த பள்ளி விடுமுறையில், பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் அவன் தந்தையின் பட்டறைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே பழைய மோரிஸ் மைனர் ஒன்று நின்றது. 'காடி' என்றே அவர் சொன்னார்; 'மகிழுந்து' என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. வேறெங்கோ டைமிங் செயின் மாற்றப்பட்டு வந்த வண்டி அது. ஓடுகிறது, ஆனால் மேட்டில் இழுவை இல்லை.

முதலில் அவர் எஞ்சின் எண்ணைப் படித்தார். 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098 சிசி. இத்தனை ஆண்டுகளில் எந்த வண்டியில் எந்த எஞ்சின் ஏறியிருக்கும் என்று யார் கண்டது? இது பத்தில் தொடங்கியது.

பிறகு ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றினார். புல்லியிலுள்ள வெட்டு, டைமிங் மூடியின் மிக நீண்ட முள்ளுக்கு நேரே வந்தால் முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அப்போது பார்க்க வேண்டியது முதல் சிலிண்டரை அன்று, நான்காவதை. அதன் ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறக்கத் தொடங்கியும் இருக்க வேண்டும். இவ்வண்டியில் வெட்டு முள்ளை நன்றாகத் தாண்டிய பின்னரே அது நிகழ்ந்தது. கேம்ஷாஃப்ட் பின்தங்கியிருந்தது. இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால், உறிஞ்சிய கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறுகிறது. இழுவை எங்கிருந்து வரும்? டைமிங் மூடியைத் திறந்தார். இரு பற்சக்கரங்களின் புள்ளிகளும் நேருக்குநேர் நிற்காமல் ஒரு பல் விலகியிருந்தன.

சரிசெய்து முடித்ததும் வால்வு இடைவெளி பார்க்கும் வேலை. அதைப் பையனிடம் விட்டார்.

"மூணாவது முழுசா திறந்திருக்கு. எதைப் பார்க்கணும்?"

"ஆறு."

ஒன்பதில் மூன்று போனால் ஆறு. ஃபீலர் கேஜை நுழைத்தான், 0.012 அங்குலம். ஏன் ஒன்பது என்று கேட்டேன். எட்டு வால்வுகள், ஒன்றுக்கு எட்டு, இரண்டுக்கு ஏழு எனச் சோடி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. சோடி சிலிண்டர்களுக்கிடையே கிராங்க் ஒரு சுற்று, அதாவது கேம் அரைச் சுற்று. ஆகவே ஒரு வால்வை கேம் முழுதும் திறந்திருக்கும்போது அதன் சோடியின் கேம் எதிர்ப்புறம் திரும்பியிருக்கும். தடங்கலின்றிச் சொன்னான். விகிதப் பாடத்தில் அவன் தாள் முழுவதும் என் சிவப்பு மைதான்.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோதும், 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் நாம் மொழிக்காக வாதாடினோம். தமிழில்தான் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், அத்தனையையும் அன்றாடம் தமிழில் விளக்கும் ஒரு மனிதரை நம் வகுப்புக்கு ஒருமுறையேனும் அழைத்தோமா? தொழில் விழிப்புணர்வு நாளென்றால் நமக்கு மருத்துவரும் வழக்கறிஞரும்தான். 'தேர்வில் வராது' என்பார்கள். யூபிஎஸ்ஆர் 2021இலேயே நீக்கப்பட்டது. இன்னும் அதே காரணமா?

அத்தந்தையை வகுப்புக்கு அழைத்தேன். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் வேணாம் சார். நீங்க நல்லா திட்டுங்க. படிக்கலேன்னா இங்கதான் வரணும்னு சொல்லுங்க."

என் வாசகத்தையே அவர் திருப்பித் தந்தார். மகன் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றை ஆறாம் ஆண்டு வகுப்பில் வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தரையில் எண்ணெய்க் கறை படியுமே என்பது அவர் கவலை. பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வருகிறேன்.