அப்பா கடைக்கு வெப்சைட்: 40,000 ரூபாய் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



சிறுசேரியிலோ, மறைமலை நகரிலோ, மகேந்திரா சிட்டியிலோ வேலை பார்க்கிற பல பேருக்கு ஊரில் ஒரு குடும்பத் தொழில் இருக்கும். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை, ஈசிஆர் ஓரமாக இரண்டு ரூம் ஹோம்ஸ்டே, கோவளத்தில் மீன் சாப்பாட்டுக் கடை, செங்கல்பட்டில் டிபன் கடை. சம்பளம் வந்த வாரம் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்: "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்." நீங்க எச்ஆர்ல இருந்தாலும் இதே கேள்விதான். நீங்களும் யாரோ ஒரு ஏஜென்சியைப் பிடித்து, 40,000 ரூபாயை கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போட்டுக் கொடுத்துவிடுவீங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். வெப்சைட்டை அழகுப் பொருளாகப் பார்க்காதீங்க. கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவது மாதிரி அதுவும் ஒரு முதலீடு. எத்தனை நாளில் போட்ட பணம் திரும்பும், அது யார் பேரில் இருக்கு, தினமும் அது என்ன வேலை செய்யும்: இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க.

முதல் கேள்வி: உங்க கடைக்கு வெப்சைட் தேவையா?

எல்லாக் கடைக்கும் தேவையில்லை. இதை எந்த ஏஜென்சியும் சொல்லாது.

ஒரே ஒரு சோதனைதான். வாடிக்கையாளர் உங்க கடையைப் பார்க்காமலேயே, தூரத்தில் இருந்து முடிவெடுக்கிறாரா? செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து டிபன் கடைக்கு வருபவர் வாசனையைப் பிடித்து வருகிறார். அந்தக் கடைக்கு கூகுள் மேப்பில் சரியான இடம், திறக்கும் நேரம், நாலு நல்ல போட்டோ, ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர் போதும். செலவு பூஜ்ஜியம்.

ஆனால் ஹோம்ஸ்டே, சிற்பப் பட்டறை, சர்ஃபிங் வகுப்பு எல்லாம் வேற கதை. பெங்களூரில் இருந்தோ பிரான்சில் இருந்தோ ஒருவர் போனைப் பார்த்தே முடிவெடுக்கிறார். நம்ம கடற்கரைக்கு இப்படி வருபவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, தொல்லியல் துறையின் டிக்கெட் உள்ள நினைவுச் சின்னங்களில் 2021-22-ல் வெளிநாட்டவர் அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்குத்தான். 1,44,984 பேர். அதே வருடம் தாஜ்மஹாலுக்கு 38,922. கொரோனா காலத்துக் கணக்கு என்பதால் அதை வழக்கமான வருடமாக எடுத்துக்க முடியாது. ஆனாலும் உங்க அப்பாவின் பட்டறை வாசலைத் தாண்டிப் போகிற கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

இரண்டாவது: போட்ட பணம் எப்போ திரும்பும்?

ஹோம்ஸ்டேயை வைத்தே பார்ப்போம். ரூம் வாடகை ஓர் இரவுக்கு 2,500 ரூபாய். புக்கிங் ஆப் 15% கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்குவோம். அது 375 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18% ஜிஎஸ்டி, 67.50. ஆக ஒவ்வொரு இரவுக்கும் சுமார் 442 ரூபாய் போகிறது. நீங்க ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் அந்த 67.50-ஐத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

அதே விருந்தினர் உங்க வெப்சைட் வழியாக நேரடியாக வந்து யுபிஐயில் கட்டினால் 442 ரூபாயும் உங்களுக்கு. கார்டில் கட்டினால் பேமென்ட் கேட்வே சுமார் 2%, அதற்கு ஜிஎஸ்டி, மொத்தம் 59 ரூபாய் போகும். மிச்சம் 383.

இப்போ வகுத்துப் பாருங்க:

40,000 ரூபாய் வெப்சைட் என்றால், புதிதாக 91 இரவுகள் நேரடியாக வந்தால்தான் முதல் திரும்பும்.

8,000 ரூபாய் வெப்சைட் என்றால் 19 இரவுகள்.

அதற்குப் பிறகு வருடா வருடம் டொமைன், ஹோஸ்டிங் புதுப்பிக்க 4,000 ஆகும் என்றால் வருடத்துக்குப் பத்து இரவுகள்.

இரண்டு ரூம் வைத்திருக்கிற வீட்டுக்கு 19 இரவு என்பது டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கிற சீசனிலேயே முடிகிற கணக்கு. 91 இரவு அப்படியில்லை. அந்த 32,000 ரூபாய் வித்தியாசம் எதற்குப் போகிறது? பெரும்பாலும் தானாக நகரும் படங்கள், பின்னணி வீடியோ, "எங்கள் தொலைநோக்கு" என்று ஒரு பக்கம். இதைப் பார்த்து யாராவது ரூம் போட்டிருக்காங்களா?

இன்னொரு விஷயம். ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குள் இருக்கிற சிறிய ஹோம்ஸ்டேவுக்கு ஆப் வழியாக புக்கிங் வந்தால், அந்த ஆப்பே விருந்தினரிடம் ரூம் வாடகைக்கு ஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். நேரடியாக வந்தால், பதிவு இல்லாத நீங்க ஜிஎஸ்டி வாங்க மாட்டீங்க. அதனால் விருந்தினருக்கும் நேரடி விலை சட்டப்படியே குறைவு. இதை வெப்சைட்டில் ஒரு வரியாகப் போடுங்க.

ஆப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. புது ஆளைக் கூட்டி வர ஆப் வேண்டும். ஒருமுறை வந்தவர் இரண்டாவது முறை நேரடியாக வர வெப்சைட் வேண்டும்.

மூன்றாவது: யார் பேரில் இருக்கு?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கு என்றால், இதைப் படிங்க.

என்னிடம் கணக்கு பார்க்க வந்த ஒரு சிற்பக் குடும்பம். ஆறு வருடமாக வெப்சைட் ஓடியது. வெளிநாட்டு ஆர்டர்கள் அதில்தான் வந்தன. ஒருநாள் சைட் திறக்கவில்லை. டொமைன் வாங்கியது டிசைனர் பேரில், அவருடைய இமெயிலில். அவர் தொழிலையே விட்டுவிட்டார், நம்பரும் மாறிவிட்டது. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டில், பார்சல் பெட்டியில், சிலையின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எல்லாம் பழைய முகவரி. 40,000 ரூபாய் போனதைவிட ஆறு வருடப் பழக்கம் போனதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய அடி.

பெரிய கம்பெனி கொடுத்தால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீங்க. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகச் சிறு கடைகளுக்கு இலவச வெப்சைட் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் புரொஃபைலுக்குத் திருப்பி விட்டதும் ஜூன் 10 வரைதான். சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஒரு பக்கம் போட்டு அதே முகவரியை இணைத்துக்கொண்டார்கள். மற்றவர்களின் முகவரியே காணாமல் போனது. இலவச சைட் தப்பில்லை. ஆனால் டொமைன் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரத்துச் சொச்சம்தான். முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்க்காதீங்க, புதுப்பிக்கும் விலையைக் கேளுங்க.

சரி, "அப்போ எல்லாத்தையும் என் பேர்லயே வாங்கிடறேன்" என்பீங்க. அதுவும் வேண்டாம்.

உங்க பான் கொடுத்துப் பேமென்ட் கேட்வே எடுத்து, உங்க சம்பள அக்கவுண்டில் கடைப் பணம் விழுந்தால், வருமான வரித் துறைக்கு முதல் பார்வையில் அது உங்க வியாபாரம். ஐடிஆர்-1 போட முடியாது. நோட்டீஸ் வந்தால் "அது அப்பாவோட பணம்" என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கதான். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது ஞாபகம் இருக்கா? பணம் எந்த அக்கவுண்டில் விழுகிறதோ அங்கேதான் கேள்வி வரும். போதாக்குறைக்கு, வெளியே தொழில் செய்யக் கூடாது என்று உங்க வேலை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தால் ஆபீஸிலும் பதில் சொல்லணும்.

அதனால் நான்கு சாவியும் தொழில் யாருடையதோ அவர் பேரில், அவர் இமெயிலில், அவர் போன் நம்பரில்: டொமைன், ஹோஸ்டிங், கூகுள் பிசினஸ் புரொஃபைல், பேமென்ட் கேட்வே. நீங்க நிர்வகிப்பவராக மட்டும் சேர்ந்துக்கங்க. செலவுக்கு நீங்க பணம் கொடுத்தாலும் பில் கடைப் பேரில் வாங்குங்க.

இதில் அப்பாவுக்கு ஒரு லாபமும் உண்டு. உத்தேச வரி முறையில், பழைய சட்டத்தில் 44ஏடி என்று நமக்குத் தெரிந்ததில், ரொக்க விற்பனைக்குக் குறைந்தது 8% லாபம் காட்டணும். பேங்க், யுபிஐ வழியாக வந்ததற்கு 6% போதும். ஆனால் இந்த முறையில் வெப்சைட் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. "வரியில கழிச்சுக்கலாம் சார்" என்று ஏஜென்சி சொன்னால் தலையாட்டாதீங்க.

டிசைன்: போனில் முதல் திரையில் என்ன தெரியணும்?

கூகுள் 2016-ல் சொன்ன கணக்கு இது: மொபைலில் ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால் 53% வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றன. அதனால் சோதனையை ஆபீஸ் வைஃபையில் செய்யாதீங்க. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, அம்மாவின் பழைய போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்க. முதல் திரையிலேயே இதெல்லாம் தெரியணும்:

• என்ன கடை, எந்த ஊர், விலை எங்கே ஆரம்பிக்குது. "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

• தொட்டால் கால் போகிற நம்பர், வாட்ஸ்அப் பட்டன், மேப். கடற்கரைக் கோயிலில் இருந்து நடந்து எத்தனை நிமிடம் என்று ஒரு வரி.

• ஊர்ப் பெயரை எல்லா வடிவத்திலும் எழுதுங்க. நாம மாமல்லபுரம் என்போம், வெளிநாட்டவர் பலர் மகாபலிபுரம் என்றுதான் தேடுவாங்க. கோவளம் என்று மட்டும் போட்டால் கேரளாக் கோவளத்தோடு குழம்பும். "சென்னை, ஈசிஆர்" என்பதைச் சேர்த்துப் போடுங்க.

• போட்டோ உங்களுடையதாகவே இருக்கட்டும். சைஸைக் குறைத்து ஏற்றுங்க. இணையத்தில் எடுத்த கடற்கரைப் படத்தைப் போட்டுவிட்டு, நேரில் வந்தவர் வேறு அறையைப் பார்த்தால் ரிவ்யூவில் தெரியும்.

சிற்பப் பட்டறை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கு. 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இதே ஊரில் இருக்கு. இவ்வளவு பெரிய பேர் இருந்தும் பல பட்டறைகளின் பக்கத்தில் சிலையின் உயரம் கூட இருக்காது. ஒவ்வொரு சிலைக்கும் உயரம், எடை, என்ன கல், செதுக்க எத்தனை நாள், பேக்கிங்கும் அனுப்பும் செலவும் எவ்வளவு என்று எழுதுங்க. எடை தெரியாமல் எந்த வெளிநாட்டுக்காரரும் சரக்குக் கட்டணத்தைக் கணக்குப் போட முடியாது. உளியோடு அப்பா வேலை செய்கிற ஒரு நிமிட வீடியோ, எந்த அனிமேஷனையும்விட அதிகம் விற்கும்.

ஆன்லைனில் பணம் வாங்கினால் கடைப் பெயர், முகவரி, ரத்து மற்றும் ரீஃபண்ட் விதி, புகார் சொல்ல ஒரு ஆள் என எல்லாம் பக்கத்தில் இருக்கணும். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். கேட்வே கம்பெனிகளும் இந்தப் பக்கங்கள் இல்லாமல் அக்கவுண்டைத் திறக்க மாட்டாங்க. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். குறிப்பிட்ட கைவினைப் பொருட்களுக்கு வரம்புக்குள் நிபந்தனையோடு விலக்கு உண்டு. முதல் ஆர்டருக்கு முன்பே உங்க ஆடிட்டரிடம் கேட்டுக்கங்க. வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய்தான்.

இந்த வாரம் என்ன செய்யணும்?

ஏற்கனவே வெப்சைட் இருந்தால், ஏஜென்சிக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ்: "டொமைன் யார் பேரில் இருக்கு? லாகின் விவரம் அனுப்புங்க." உடனே அனுப்பினால் நல்லவர். மழுப்பினால், உறவு நல்லா இருக்கும்போதே மாற்றி வாங்கிடுங்க.

இன்னும் இல்லை என்றால், முதலில் டொமைனை மட்டும் அப்பா பேரில் ஐந்து வருடத்துக்கு வாங்குங்க. அதில் ஒரே ஒரு பக்கம் போடுங்க. மூன்று மாதம், அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை பேர் கூப்பிட்டாங்க என்று அம்மாவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்க. அந்த எண்ணிக்கையை வைத்து அடுத்த செலவை முடிவு பண்ணுங்க.

உங்க மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 40,000 ரூபாய் அது. கடைக்குக் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் எஸ்ஐபி போடும்போது எத்தனை கேள்வி கேட்பீங்களோ, அத்தனையும் இங்கேயும் கேளுங்க.

உங்க குடும்பத் தொழிலின் கணக்கு எத்தனை இரவு, எத்தனை சிலை என்று போட்டுப் பார்த்துச் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் அப்படி ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம்.