முதோங் என்றால் எந்த முதோங்?

"மூலிகை தானே, பக்கவிளைவே கிடையாது" என்று அடித்துப் பேசுபவர்கள் லோங்தான் ஷியேகான் வான் கதையைக் கேட்டால் நல்லது. கண் சிவப்பு, காது இரைச்சல், வாய்க்கசப்பு, சிடுசிடுப்பு... எல்லாம் 'கல்லீரல் நெருப்பு' என்பது சீன வைத்தியக் கணக்கு. அதை அணைக்கத்தான் இந்த உருண்டை. பத்து மூலிகைகள், அதில் ஒன்று முதோங்.

பழைய முதோங், அகேபியா கொடியின் தண்டு. 20-ம் நூற்றாண்டில் அந்த இடத்தில் குவான் முதோங் வந்து உட்கார்ந்தது. பெயர்தான் ஒட்டு, செடி வேறு. நம்மூர் ஆடுதீண்டாப்பாளைக்குச் சொந்தம்! அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். மாதக்கணக்கில் விழுங்கிய சிலர் டயாலிசிஸில் போய் நின்றார்கள்.

இத்தனைக்கும் பெல்ஜியத்தில் இதேபோல் மூலிகை மாறி, உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதான செய்தி 1993-லேயே வெளியாகிவிட்டது. சீனா குவான் முதோங்கைத் தடை செய்தது 2003-ல். பத்து வருஷம்!

இங்கே 'பல நூறு வருஷ அனுபவம்' என்ற வாதம் எடுபடாதுங்க. அனுபவத்தில் இருந்த செடி ஒன்று, டப்பாவுக்குள் இருந்தது இன்னொன்று. தடைக்குப் பிறகு மறுபடி அகேபியாவே வந்தது சரி. ஆனால் முதலிலேயே டப்பாமேல் தாவரவியல் பெயரை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்?