பன்றித் தீவனத்துல ஆன்டிபயாடிக் எதுக்கு?

பழங்காநத்தத்துல எங்க தெரு அண்ணன் ஒருத்தர், ஊருக்கு வெளியே பன்றிப் பண்ணை வச்சிருக்கார். "டாக்டர் தம்பி, பால் மறக்கடிச்ச குட்டிங்களுக்கு ஒரே கழிச்சல். முன்னாடி தீவனத்துல கொலிஸ்டின் கலந்தா நிக்கும். இப்ப கிடைக்கல, வேற பேர் சொல்லுங்க"ன்னார். மாட்டேன்னேன். கோவிச்சுக்கிட்டார். அதான் இந்த த்ரெட்.

கொலிஸ்டின் கிட்னியைப் பாதிக்கும்னு தெரிஞ்சும், வேற எதுக்கும் கிருமி அடங்காதப்போ ஐசியூவுல கடைசியா நாங்க எடுக்கிற மருந்து. அதைத்தான் பல நாடுகள்ல தீவனத்துல கொட்டினாங்க. 2015-ல சீனாவுல எம்சிஆர்-1 மரபணு வெளிய வந்துச்சு. கொலிஸ்டினைச் செல்லாக்காசாக்குற மரபணு. ஒரு பாக்டீரியா இன்னொண்ணுக்குக் கைமாத்தும். முதல்ல சிக்கினது பன்றியில; இறைச்சியிலயும் நோயாளிகள்கிட்டயும் இருந்துச்சு. 2019-ல இந்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கு அதைத் தடை பண்ணுச்சு. சரியான முடிவு.

"மருந்தில்லைன்னா குட்டி செத்துரும்"பாங்க. நோய் வந்த குட்டிக்கு கால்நடை மருத்துவர் பார்த்து எழுதட்டும், நான் ஏன் தடுக்கப்போறேன்? நல்லா இருக்கிற நூறு குட்டிக்கும் சேர்த்துக் கலக்குறது வைத்தியமே இல்ல. நெரிசலையும் ஈரத்தரையையும் மருந்தால மூடுற வேலை. தாய்கிட்ட இருந்து சீக்கிரம் பிரிச்சா, தீவனத்துக்குப் பழகாத குடல்ல ஈ.கோலை பெருகத்தான் செய்யும். ஐரோப்பாவுல 28 நாளுக்கு முன்னாடி பொதுவா பிரிக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. காய்ஞ்ச தரை, கதகதப்பு, சுத்தமான தண்ணி. செலவுதான். ஆனா அந்தச் செலவை இப்ப என் வார்டு நோயாளி கட்டுறான்.

(சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதுற எங்க ஆளுங்களை இன்னொரு நாள் திட்டுறேன்.)

அண்ணே, கோவம் ஆறினதும் வாங்க. கால்நடை மருத்துவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.