வானத்துக்குப் போய் வரும் சர்வீஸ்

வாலிபாலில் பந்தை உயரமாகத் தூக்கி அடிக்கும் சர்வீஸைப் பார்த்தால் பலருக்குச் சிரிப்புதான் வருகிறது. கூட்டத்தைக் குஷிப்படுத்தும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது நியாயமே இல்லை.

1980களின் தொடக்கத்தில் இதைப் பிரபலமாக்கியவர் பிரேசில் வீரர் பெர்னார்ட் ராஜ்மன். கீழிருந்து ஓங்கி அவர் அடித்த பந்து சுமார் 25 மீட்டர் உயரம் போனதாகச் சொல்வார்கள். எட்டு மாடி உயரம்! பிரேசில்காரர்கள் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்குத் தங்கள் மொழியில் இருந்த பெயரையே அந்த சர்வீஸுக்கும் வைத்துவிட்டார்கள்.

எடுப்பவரின் கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாகப் பந்து எதிரிலிருந்து வரும். இதுவோ தலைக்கு மேலிருந்து விழுகிறது. விளக்கோ வெயிலோ கண்ணைக் கூசும். நான்கு விநாடிக்கு மேல் அண்ணாந்து பார்த்தபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே பாதித் தைரியம் போய்விடும்.

அடிப்பவரின் கஷ்டத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. பந்து 25 மீட்டர் ஏறி எதிர்ப்பக்க மைதானத்தின் நடுவில் விழ வேண்டுமானால், கிட்டத்தட்ட 80 டிகிரி சாய்வில் கிளம்ப வேண்டும். அதில் ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். காற்றைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு! எதிர்ப்பக்கம் இருப்பதோ 9 மீட்டர் சதுரம்தான்.

அப்படியானால் ஏன் மறைந்தது? அந்தக் காலத்தில் சர்வீஸ் தவறினால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும். 1990களின் இறுதியில் வந்த புதிய விதிப்படி எதிரணிக்குப் புள்ளியே போய்விடுகிறது. கூரையும் ஒரு காரணம். உள்ளரங்கில் குறைந்தது 7 மீட்டர், உலகப் போட்டிகளில் 12.5 மீட்டர் உயரம் இருந்தால் போதும் என்கிறது விதி. பந்து கூரையில் பட்டால் அவுட்.

கூரையில்லாத கடற்கரை வாலிபாலில் இது இன்னும் உயிரோடிருக்கிறது. உருகுவேயில் பிறந்து இத்தாலிக்கு ஆடிய அட்ரியான் கராம்புலா, 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடியவர். இந்த சர்வீஸாலேயே அறியப்பட்டவர். காற்று வீசும்போதும், எதிரணி சூரியனைப் பார்த்து நிற்கும்போதும் இது நிஜமான ஆயுதம்.

எகிறிக் குதித்து அடிக்கும் சர்வீஸும்தான் அடிக்கடி வலையில் போய் விழுகிறது. அதை யாரும் வேடிக்கை என்று சொல்வதில்லையே? திறந்தவெளியில் ஆடும் பள்ளி, கல்லூரி அணிகள் ஒருவருக்காவது இதைப் பழக்கி, ஆட்டத்துக்கு இரண்டு முறை அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.