சிவப்பு மைக்கு நம் பிள்ளைகளின் பதில்

நல்லம்பள்ளியில் எங்கள் தெருவில் மாலை வகுப்பு ஒன்று நடக்கிறது. பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு டியூப் லைட், ஒரு கரும்பலகை, பதினைந்து பதினாறு பிள்ளைகள். நான் வங்கியில் கிளார்க். தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார ஏழு மணி ஆகிவிடும். கவிதை எழுதுகிறவன்தானே, தமிழ் சொல்லிக்கொடு என்று யாரும் கேட்கவில்லை. "தமிழு எப்படியோ வந்துரும்ப்பா, இந்த இங்கிலீசுதான் புள்ளைங்கள மொடக்கிப் போடுது" என்றார்கள் அம்மாக்கள். ஆகவே இங்கிலீஷ்.

ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி ஒருநாள் தன் இங்கிலீஷ் கட்டுரை நோட்டை மூடியே வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். 'என் ஊர்' என்று பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வரியிலும் சிவப்புக் கோடு. எது தப்பு, எது சரி என்று ஓரிடத்திலும் இல்லை. கடைசியில் 'வெரி புவர்' என்று எழுதி, கீழே கையெழுத்து.

"இதப் பாத்தப்ப உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா."

மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். எல்லாருக்கும் ஒண்ணுமில்லதான். ஒரு பையன் மட்டும் "தப்பா எழுதுனா திட்டத்தானண்ணா செய்வாங்க" என்றான். அவன் சொன்னதில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. மழை பெய்தால் நனையத்தானே வேண்டும் என்பது போலச் சொன்னான்.

இந்த 'ஒண்ணுமில்ல'யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன் தோழர்களே. நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிற நாம், ஆசிரியர் போட்ட திருத்தம் தன் மனசில் என்ன செய்தது என்று வாய்விட்டுச் சொல்வதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இலக்கணம் முடிந்து நேரம் மிஞ்சினால் செய்கிற வேலை அல்ல இது. அந்தப் பேச்சு இல்லாததால்தான் பாதி இலக்கணம் நம் பிள்ளைகளுக்குள் இறங்காமல் வாசலிலேயே நிற்கிறது.

நமக்கும் ஆசிரியரின் திருத்தத்துக்கும் உள்ள உறவு எங்கிருந்து தொடங்குகிறது? அம்பேத்கர் 1900இல் சத்தாராவில் அரசுப் பள்ளியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் அவர் நோட்டைத் தொடமாட்டார்கள், தீட்டுப் பயத்தில் கேள்விகூடக் கேட்கமாட்டார்கள் என்று எழுதுகிறார் அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர். பின்னால் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்களை எடுக்க மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். நோட்டைத் தொட்டால்தானே திருத்த முடியும்? திருத்தப்படுவதே நமக்கு மறுக்கப்பட்ட உரிமை.

இன்று நோட்டைத் தொடுகிறார்கள். சட்டம் இருக்கிறது, தொட்டாக வேண்டும். ஆனால் தொட்ட கை எதை எழுதுகிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் என் இங்கிலீஷ் கட்டுரையை ஓர் ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தி, சிரிப்பு அடங்கக் காத்திருந்து, அடுத்த தப்புக்குப் போனார். முடித்துவிட்டு, "இவனுக்கென்ன, எப்படி எழுதினாலும் வேலை காத்துக்கிட்டிருக்கு" என்றார். அன்றைக்குச் செய்த தப்புகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. சிரிப்பு மட்டும் ஞாபகமிருக்கிறது. வங்கியில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஆபீஸ் குறிப்பு ஒன்றை மேலதிகாரி ஒருவர் சுழித்துத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் 'டிகிரி யார் கொடுத்தது?' என்று இங்கிலீஷில் கேள்வி. நான் என்ன செய்தேன்? "தேங்க் யூ சார்" என்றேன். பல வருசம் இங்கிலீஷ் படித்து ஒரு அவமானத்துக்குப் பதிலாக எனக்கு வாய்த்த வாக்கியம் அது. அதற்குப் பிறகு குறிப்பு எழுதும் வேலை வந்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் தள்ளிவிடுவேன். எழுதாததால் எழுத வரவில்லை. எழுத வராததால் மேலதிகாரி நினைத்தது சரி என்று ஆகிவிட்டது.

மௌனம் இப்படித்தான் வேலை செய்கிறது. பிள்ளை பேசவில்லை என்றால் ஆசிரியர் என்ன நினைக்கிறார்? 'இதுக்கு ஒறைக்கவே இல்ல' என்று நினைக்கிறார். பிள்ளை என்ன நினைக்கிறது? 'நமக்கு இது வராது' என்று நினைக்கிறது. இரண்டும் பொய். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சிவப்பு மையில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று திருத்தம், இன்னொன்று தீர்ப்பு. 'இந்த இடத்தில் கோ அல்ல, வென்ட்' என்பது திருத்தம். அது வாக்கியத்தைப் பற்றியது. 'வெரி புவர்' என்பது தீர்ப்பு. அது பிள்ளையைப் பற்றியது. பிள்ளையைத் தாண்டி அப்பன், பாட்டன், தெரு வரைக்கும் அது போகும் என்பது நம் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். திருத்தத்தை வாங்கிக்கொண்டு தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை இரண்டையும் சேர்த்து விழுங்கும், அல்லது இரண்டையும் சேர்த்துத் துப்பிவிட்டுப் படிப்பை நிறுத்திவிட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ கட்டட வேலைக்குப் போகும்.

இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் தமிழில், அதுவும் நம் பேச்சில். நோட்டைத் திறந்து வைத்து, இதில் எது திருத்தம், எது தீர்ப்பு என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார்கள். பிறகு, பார்த்ததும் உடம்பில் எங்கே என்ன ஆச்சு என்று கேட்டேன். 'எப்படி இருந்துச்சு' என்றால் வராத பதில் இதற்கு வந்தது. "காது சூடாச்சு", "வயிறு கலக்குச்சு", "கிழிச்சிப் போடலாம்னு இருந்துச்சு". மனப்பாடம் செய்த ஹேப்பி, சாட், ஆங்க்ரி பட்டியலுக்கு அப்போதுதான் வேலை வந்தது. கூச்சத்துக்கு ஒரு சொல், அவமானத்துக்கு ஒரு சொல், குழப்பத்துக்கு ஒரு சொல் என்று தேடினோம். அதற்கப்புறம் வாக்கியங்கள். 'சார், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் திஸ் கரெக்‌ஷன்.' 'ப்ளீஸ் ஷோ மீ ஒன் மிஸ்டேக்.' 'ஐ ஃபெல்ட் அஷேம்ட் வென் யூ ரெட் இட் அலவுட்.' நான் ஆசிரியராக நாற்காலியில் உட்கார, ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். கை கட்டாமல் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதி. அதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லச் சொன்னேன். வினையே அங்கேதான். அந்த ஒன்பதாவது பெண் சொன்னாள்: "நீங்க திட்டமாட்டீங்கண்ணா. ஆனா பூராத்தையும் நீங்களே மாத்தி எழுதிடறீங்க. கடைசியில பாத்தா நான் எழுதுனது ஒண்ணும் இல்ல." எனக்குக் காது சூடாச்சு. அன்பு என்று நினைத்து நான் செய்தது அவளுடைய ஊரை அழித்துவிட்டு என் ஊரை எழுதிய வேலை. அன்றிலிருந்து ஒரு கட்டுரைக்கு மூன்று தப்புக்கு மேல் நான் தொடுவதில்லை. எந்த மூன்று என்று பிள்ளையே சொல்ல வேண்டும்.

இது நம் தெருக் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல. 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார். மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்தபோது அந்த முன்னேற்றம் காணாமல் போனது. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலானோர் 2014இல் வெளியிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தி, சிலருக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள்: உன்மேல் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், உன்னால் அதை எட்ட முடியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம் என்ற பொருளில். வெறும் காகிதம் பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர்தான் கட்டுரையைத் திருப்பி எழுதினார்கள். இந்தச் சொல்லைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல். சிறிய ஆய்வுதான். ஆனால் விஷயம் புரிகிறது. திருத்தம் கடுமையாக இருப்பது பிரச்சினை இல்லை. திருத்துகிறவர் தன்னை மனுசனாக நினைக்கிறாரா என்ற சந்தேகம்தான் பிரச்சினை. அந்தச் சந்தேகம் பிள்ளையின் மனவியாதி அல்ல, சரித்திரம் கற்றுக்கொடுத்தது.

ஆகவே திருத்தாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. 'பாவம், காலனிப் புள்ள' என்று போடுகிற மார்க்கும் அவமானம்தான். வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' நூல் என் மேசையில் இருக்கிறது. அது லண்டனில் 1922இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு. 1923இல் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசில்லை, பம்பாய்க்குத் திரும்பினார். திரும்ப எழுதி அனுப்பினார். முடிவுகளை மாற்றிக்கொள்ளவில்லை என்கிறார் கீர். அந்த ஆண்டே பட்டமும் வந்தது, நூலும் வந்தது. அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் எழுதிய முன்னுரையில், நூலின் வாதங்கள் பலவற்றோடு தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அந்த மாறுபாட்டை முதல் பக்கங்களிலேயே அச்சிட்டு வைத்தார் மாணவர். திருத்தத்தை வாங்கிக்கொண்டு, தன் இடத்தை விடாமல் நிற்பது என்றால் அதுதான்.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: வெட்டும் கொளுத்தலும் நடக்கிற நாட்டில் பிள்ளைகளின் 'ஃபீலிங்' பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாயே? நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் செய்த கொடுமையைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சொல்வது ஆபத்தானது. அதனால் பேசு பேசு என்று பிள்ளையைத் தனியாக முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்கக் கூடாது. அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் சாதி எப்படியெல்லாம் நுழைகிறது என்று அது பேசுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் நோட்டின் ஓரத்தில் எழுதிய ஒரு சொல் துன்புறுத்தல் என்று யார் சொல்வது? அது வலித்தது என்று சொல்லப் பிள்ளைக்கே பழக்கமில்லை என்றால் எந்தச் சட்டமும் அந்த நோட்டுக்குள் நுழையாது.

ஆசிரியர்கள் எல்லாரும் எதிரி என்றும் நான் சொல்லவில்லை. அறுபது நோட்டை ஒரே ராத்திரியில் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நம் தெருவிலிருந்து போய் ஆசிரியரானவர்களும் இருக்கிறார்கள், அவர்களிலும் சிலர் தங்களுக்குப் போட்ட அதே கோட்டைத்தான் போடுகிறார்கள். தான் பட்டதை அவர்களும் எங்கேயும் பேசியதில்லை அல்லவா?

அம்பேத்கர் பெயரில் ஊர் ஊராக இரவுப் பாடசாலை நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துப் பேசட்டும். முதலில் உங்களைப் பற்றிப் பேசட்டும், நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் கேட்கப் பிள்ளை பயந்தால் பெற்றவர்களோடு இரண்டு பேராய்ப் போங்கள். சண்டைக்கு அல்ல, நோட்டோடு போங்கள்.

அந்தப் பெண் மூன்று வாரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்க் கேட்டாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்து இரண்டு வரிக்குச் சரியானதை எழுதிக் கொடுத்தாராம். "இத்தன நாளா ஏன் கேக்கல?" என்றாராம்.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

"அதுக்கு இங்கிலீசு தெரியலண்ணா" என்றாள்.

அடுத்த பாடம் அதுதான்.