அதேவா, அதே மாதிரியா?

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு ஜாவாவைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்தது. பேரன் அந்தத் தொழிலில் இருப்பதால் விட்டுப் போகாமல் தொடர்கிறது. படிக்கப் படிக்க ஒன்று உறுதியானது. கணினி மொழிகளின் கோணங்கித்தனம் என்று இளைஞர்கள் சிரித்துப் பேசும் பலவும், பதிவேடு எழுதியவனுக்குப் பழைய சங்கதிகள். அவற்றை நேர்முகத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாமல், பதிவேட்டு ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் சமக்குறி. ஜாவாவில் இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே == போட்டால், 'இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா?' என்று கேட்கிறோம். உள்ளே இருப்பது ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்க ஈக்வல்ஸ் என்ற மெத்தட் இருக்கிறது. நான் படித்த பிரெஞ்சில் 'மேம்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். 'நேற்று போட்ட மேம் சட்டை' என்றால் அந்தச் சட்டையேதானா, அதுபோல இன்னொன்றா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. 'அதே சட்டை' வேறு, 'அதே மாதிரி சட்டை' வேறு. == என்பது 'அதே'; ஈக்வல்ஸ் என்பது 'அதே மாதிரி'. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

இதில் வம்பு என்னவென்றால், தப்பாக எழுதினாலும் சில சமயம் சரியான விடை வந்துவிடும். நிரலுக்குள்ளேயே எழுதிய ஒரே பெயரை ஜாவா ஒரே ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்ளும்; == 'ஆம்' என்று சொல்லும். அதே பெயர் கோப்பிலிருந்து வந்தால் 'இல்லை' என்று சொல்லும். எண்களிலும் இப்படித்தான். இன்டிஜர் என்ற கிளாஸில் -128 முதல் 127 வரையுள்ள எண்கள் தானாக ஆப்ஜெக்டாக மாறும்போது ஏற்கனவே செய்து வைத்த ஆப்ஜெக்டுகளே கிடைக்கும். ஆகவே 127-ஐ 127-உடன் == போட்டால் சரி; 128-ஐ 128-உடன் போட்டால் பெரும்பாலும் தவறு. பத்துப் பேர் கொண்ட பட்டியலில் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். 128-ஆம் ஊழியருக்குத்தான் சம்பளம் வராது.

ஒரு மொழியில் கற்றதை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டு போகவும் கூடாது. பைத்தானில் == என்பது மதிப்பைப் பார்ப்பது; 'அதே'வுக்கு அங்கே 'இஸ்' என்ற சொல். பிரெஞ்சில் 'லொக்காசியோன்' என்றால் வாடகை. அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் படித்தால் இடம். எழுத்து ஒன்று என்பதற்காகப் பொருள் ஒன்றாகிவிடாது.

அடுத்தது ஹாஷ்கோட். ஈக்வல்ஸை மாற்றி எழுதினால் இதையும் மாற்றி எழுது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஏன்? பதிவேட்டின் கடைசியில் அகரவரிசை அட்டவணை இருக்குமே, அதுதான் ஹாஷ்கோட். 'க' பக்கத்தில் பார் என்று அது சொல்லும். அந்தப் பக்கத்துக்குப் போய் ஈக்வல்ஸ் ஆளை அடையாளம் பார்க்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் ஆள் பதிவேட்டில் இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுவார். நீதிமன்ற உத்தரவால் ஒருவர் பெயர் மாறினால், உள்பக்கத்தில் திருத்திவிட்டு அட்டவணையை விட்டுவிட்டால் எப்படியோ, ஹாஷ்மேப்பில் போட்ட சாவியைப் பிறகு மாற்றுவதும் அப்படியே. சாவியாக இருப்பது மாறாததாக இருக்கட்டும். ஜாவா 16-இல் நிலையான அம்சமாக வந்த ரெக்கார்டு என்ற வகை இந்த இரண்டு மெத்தடுகளையும் தானே எழுதித் தருகிறது. பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, வெறும் கட்டம். பிரெஞ்சுப் பதிவேடுகளில் ஒன்றும் இல்லாத இடத்தில் 'நெயான்' என்று எழுதுவது வழக்கம். காலியாக விட்டால், இல்லையா, தெரியவில்லையா, எழுத்தர் கேட்கவே இல்லையா என்று பின்னால் வருகிறவருக்குப் புரியாது. நிரலில் இந்தக் காலிக் கட்டத்தின் பெயர் நல். 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இதைக் கொண்டு வந்த டோனி ஹோர், 2009-இல் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று குறிப்பிட்டார். பட்டியல் கேட்டால் நல் தராதீர்கள், காலிப் பட்டியல் தாருங்கள். 'இல்லாமலும் இருக்கலாம்' என்றால் ஜாவா 8-இல் வந்த ஆப்ஷனல் மூலம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நிரலாளர்களின் உள்வீட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் நின்றது. அவருடைய பெயர் பிரெஞ்சுப் பெயர். திருமணச் சான்றிதழில் எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தது. இன்னொரு தாளில் இல்லை. 'சிஸ்டம் ஏத்துக்கலம்மா' என்று சொல்லியே அனுப்பினார்கள். காகிதக் காலத்தில் ஓர் எழுத்தர் கண்ணால் பார்த்தே முடித்திருப்பார்.

சாய்கோட்டு எழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எழுத்தும் கோடும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். நம்முடைய 'கொ'வும் அப்படியே: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரும், தனித்தனியாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. ஆகவே ஒப்பிடும் முன் நார்மலைஸர் கொண்டு ஒரே வடிவுக்குக் கொண்டு வாருங்கள். கோடே விட்டுப்போன பெயர்களுக்கு அது போதாது. அதற்குக் கொலேட்டர் இருக்கிறது. அடிப்படை எழுத்தை மட்டும் பார்க்கச் சொன்னால் மேற்கோட்டைக் கணக்கில் எடுக்காது. அது கண்டுபிடித்ததை இறுதி முடிவாக்காமல், 'இவராக இருக்கலாம், பாருங்கள்' என்று மனிதர் முன் வைக்க வேண்டும்.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். சோதனைக்கு 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்று பெயர் கொடுக்காதீர்கள். 127-ஐயும் 128-ஐயும் கொடுங்கள். தலைப்பெழுத்து மட்டும் உள்ள தமிழ்ப் பெயர், சாய்கோடுள்ள பிரெஞ்சுப் பெயர், தகப்பன் பெயர்க் கட்டம் காலியான ஒரு குழந்தை, எல்லாம் அதில் இருக்கட்டும். கவுண்டருக்கு வரப்போவது அவர்கள்தான்.